வளவில்லாத வீடுகளும் ஒரு பூங்காவும்

என் மனைவிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று வைத்தியர் உறுதிப்படுத்தியது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில். வெறுவயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 212 என்று காட்டியது. அப்போது அவருக்கு வயது 39. குளிசைகளை எழுதித் தந்த வைத்தியர், துண்டின் அடியில் இன்னொரு வரியையும் எழுதி அதன்கீழ் கோடு போட்டார். நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், வேக நடை. "குளிசையைவிட இதுதான் முக்கியம், மௌலவி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நாங்கள் குடியிருப்பது கொழும்பில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். கீழே இறங்கினால் ஒரு ஒழுங்கை. அதில் முச்சக்கர வண்டிகளும் லொறிகளும் போக எஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள் ஒதுங்கிப் போக வேண்டும். அங்கே வேக நடை எங்கே நடப்பது? "வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்தானே" என்று யோசனை சொன்னவன் நான்தான். அவரும் மறுக்கவில்லை. குசினி ஜன்னலில் இருந்து முன்கதவு வரை 14 எட்டு. விரலில் மாட்டும் தஸ்பீஹ் கவுண்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு தரம் போய் வந்தால் ஒரு தட்டு என்று எண்ணி எண்ணி நடந்தார். எங்கள் இளைய மகளும் பின்னால் நடப்பாள். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது 198. வைத்தியர் முகத்தைச் சுளித்தார்.

அன்றிரவு மனைவி சொன்னார்: "இஞ்சாருங்க, ஊட்டுக்குள்ள நடந்து நடந்து எனக்குத் தலையச் சுத்துது. இதுக்கு மேல நடக்கணுமெண்டா சுவத்துலதான் ஏறணும். வெளிய ஒரு நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போக ஏலாதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பயானில் நான் பூங்காக்களைப் பற்றிப் பேசியிருந்தேன். குடைக்குள் ஒளிந்திருக்கும் சோடிகளைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுச் சபை சிரித்தது. "மானமுள்ள குடும்பத்துக்குப் பூங்காவில் என்ன வேலை?" என்று கேட்டுத்தான் அந்தப் பேச்சை முடித்தேன். பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கி வழியாக என் மனைவியும் அதைக் கேட்டிருந்தார். அதை நான் நினைவுபடுத்தத் தேவையிருக்கவில்லை. அவரே சொன்னார்:

"அண்டைக்கு நீங்க பயான்ல சொன்னது எனக்கு மறக்கல்ல. கொடைக்குள்ள இருந்தவங்களக் கண்டீங்க. நடக்க எடமில்லாம ஊட்டுல இருக்குற பொம்புளைகள ஏன் காணல்ல?"

சகோதரிகளே, பதினைந்து வருடங்களுக்கு மேலாக நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். பதில் சொல்ல முடியாத கேள்விகள் எனக்கு அதிகம் வந்ததில்லை. இது வந்தது.

* * *

எனக்குப் பதில் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூங்கா என்பது வேறு விதமாகவும் இருக்கலாம் என்பதை நான் கண்ணால் கண்டவன். கண்டதை ஊருக்குக் கொண்டு வராமல் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

2018ஆம் ஆண்டு ரமழானில் இரவுத் தொழுகை நடத்துவதற்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக்குப் போயிருந்தேன். ஜூன் மாதத்துக் கோடை. இரவு ஒன்பதரை மணியளவில்தான் அங்கு சூரியன் மறையும். 18 மணித்தியாலங்களுக்கு மேல் நோன்பு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு முழு நாளே கிடப்பதுபோல் இருக்கும். அந்த நேரத்தைப் போக்குவதற்காக ஸ்மோல் ஹீத் என்ற பகுதியில் உள்ள பூங்காவுக்குப் போவேன். அந்த நிலம் 19ஆம் நூற்றாண்டில் லூயிஸா ரைலண்ட் என்ற செல்வந்தப் பெண்மணி நகர மக்களுக்கு அன்பளிப்புச் செய்தது. ஒரு பெண் கொடுத்த பூங்கா என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கே முதலில் என் கண்ணில் பட்டது, மனிதர்கள் உட்காரும் விதம். ஆங்கிலேய முதியவர் ஒருவர் வருவார். ஆளில்லாத வாங்கைத் தேடிப் போய் உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பார். இன்னொருவர் நாயோடு தனியாக நடப்பார். எதிரே வருபவருக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதே புல்வெளியின் மறுபக்கத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், யெமன், சோமாலியா நாட்டுக் குடும்பங்கள். பாய், தேநீர்ப் போத்தல், தள்ளுவண்டியில் குழந்தை, பாட்டி, பாட்டியின் தங்கை என்று ஒரு வீடே பெயர்ந்து வந்தது போல் இருக்கும். ஆளில்லாத மூலையை அவர்கள் தேட மாட்டார்கள். ஏற்கனவே பாய் விரித்திருக்கும் குடும்பத்தின் பக்கத்தில் போய்த்தான் தங்கள் பாயையும் விரிப்பார்கள்.

ஒரு நாள் பெரிய நாய் ஒன்று வாலை ஆட்டியபடி என்னை நோக்கி ஓடி வந்தது. அதன் எச்சில் உடுப்பில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டுமே என்ற பதற்றத்தில் நான் துள்ளிப் பின்வாங்கினேன். அதன் சொந்தக்காரர், அது ஒன்றும் செய்யாது என்று சிரித்தபடி சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது. வீட்டுக்கு வந்து நான் தங்கியிருந்த குடும்பத்துப் பெரியவரிடம் குறையாகச் சொன்னேன். அவர் 40 வருடமாக அங்கே வாழ்பவர். "ஹஸரத், அவருக்கு மனைவி மௌத்தாகி விட்டார். பிள்ளைகள் தூரத்தில். வீட்டில் அவருக்குத் துணை அந்த நாய்தான். நீங்கள் எச்சிலுக்குத்தான் பின்வாங்கினீர்கள். அவரோ, தன் வீட்டாளை நீங்கள் தள்ளிவிட்டதாக நினைத்திருப்பார்" என்றார்.

அடுத்த நாள் அந்த மனிதர் என்னைத் தூரத்தில் கண்டதுமே நாயை வாரில் பிணைத்துக்கொண்டார். நான் கையை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னேன். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

நோன்புப் பெருநாள் அன்று காலை அதே பூங்காவில் திறந்த வெளியில் தொழுகை. ஆண்களும் பெண்களுமாகப் பல்லாயிரம் பேர். பெண்களுக்கு ஒழுங்கான தனிப் பகுதி இருந்தது. எங்கள் ஊரில் பெருநாளன்று காலையில் குசினிக்குள் அடைபட்டுக் கிடக்கும் என் உம்மாவை நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

* * *

ஒரே பூங்காவில் ஒருவர் தனிமையைத் தேடுகிறார், இன்னொருவர் கூட்டத்தைத் தேடுகிறார். இது பர்மிங்ஹாமில் மட்டும் உள்ள விடயமல்ல. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில், மிச்சிகன் ஏரிக்கரை நெடுகிலும் நீண்டு கிடக்கும் லிங்கன் பூங்காவில் போல் கொப்ஸ்டர் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய 900 பேரை விசாரித்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளையர்கள் பெரும்பாலும் தனியாகவோ இருவராகவோ வந்து நடந்தார்கள், ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆசிய வழியினரும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சமைத்ததைக் கொண்டுவந்து உண்டார்கள், உட்கார்ந்து கதைத்தார்கள். தூரத்தில் இருந்து வந்தார்கள். அதனால் அடிக்கடி வர முடியாதிருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. எல்லோரும் ஒன்றாக விரும்பிய விடயங்களும் அந்த ஆய்வில் இருந்தன. மரங்கள், தண்ணீர், ஏரியின் காட்சி, துப்புரவு. இவற்றில் இனவேறுபாடு பெரிதாக இருக்கவில்லை. வேறுபாடு இருந்தது, அந்த மரத்தடியில் எத்தனை பேரோடு, என்ன செய்துகொண்டு இருப்பது என்பதில்தான்.

இந்த வேறுபாட்டுக்கு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பொதுப் பூங்காக்கள் பிறந்தது தொழிற்சாலைப் புகைக்கு நடுவில். லிவர்பூலுக்கு அக்கரையில் உள்ள பேர்க்கன்ஹெட் பூங்கா, பொதுப் பணத்தில் 1847இல் திறக்கப்பட்டது. நெரிசலான வீட்டிலும் இரைச்சலான ஆலையிலும் நசுங்கிய மனிதனுக்கு அமைதியும் நல்ல காற்றும் கொடுப்பதுதான் அக்காலப் பூங்காக்களின் நோக்கம். ஆகவே அங்கே அமைதி என்பது ஒழுக்கமாகிவிட்டது. சத்தம் போடுபவன் ஒழுக்கம் தெரியாதவன்.

நமது பக்கத்துத் தோட்டங்களின் பரம்பரை வேறு. பாரசீகத்திலும் முகலாயர் ஆண்ட லாகூரிலும் தோட்டம் என்றால் சுற்றிவர மதில், நடுவில் ஓடும் தண்ணீர், நிழல். வெளிக்கண் படாமல் உள்ளே உறவோடு இருக்கும் இடம் அது. சுவனத்துக்குக் குர்ஆன் சொல்லும் பெயரே தோட்டம் என்று பொருள்படும் 'ஜன்னத்' அல்லவா? அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் முகம் நோக்கி அமர்ந்திருப்பார்கள் என்றுதான் நாம் ஓதுகிறோம். தனியே வாங்கில் அமர்ந்திருப்பதாக ஓதுவதில்லை.

ஒருவர் தோட்டத்துக்குள் உலகத்தை விட்டு விலகப் போகிறார். மற்றவர் தன் உலகத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார். இதில் ஒன்று நாகரிகம், மற்றது அநாகரிகம் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

* * *

இந்த எண்ணங்களோடு ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன்: "உங்களுக்கு அங்க என்ன வேணும்? நடக்க மட்டும்தானா?"

அவர் யோசிக்கவே இல்லை. "எங்கட வளவு வேணும்" என்றார்.

நாங்கள் இருவரும் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அவர் பிறந்த வீட்டின் பின்வளவில் இரண்டு மாமரம், ஒரு கிணறு, முருங்கை, கறிவேப்பிலை, சுற்றிவரக் கிடுகு வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போகும் அளவு. அதனூடாகச் சாச்சி வீட்டுக்கும், அங்கிருந்து மாமி வீட்டுக்கும் போகலாம். தெருவில் கால் வைக்காமலே பெண்கள் அரை ஊரைச் சுற்றி வந்துவிடுவார்கள். பின்னேரத்தில் பாய் இழைப்பதும், அரிசி புடைப்பதும், பிள்ளைக்குத் தலை வாருவதும், கதையும் சிரிப்பும் எல்லாம் அந்த வேலிகளுக்குள்தான். மாநகர சபையும் பெயர்ப்பலகையும் இல்லாமலேயே எங்கள் பெண்களிடம் ஒரு பூங்கா இருந்தது!

பின்னர் கிடுகு வேலி மதிலானது. பிள்ளைகளுக்கு வளவு பங்கு பிரிக்கப்பட்டு, ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று வீடு எழுந்தது. எங்களைப்போல் கொழும்புக்கு வந்தவர்களுக்குத் தொடர்மாடி. ஆண்களாகிய நமக்குப் பெரிய நட்டம் இல்லை. பள்ளிவாசல் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, தேநீர்க்கடை வாங்கு இருக்கிறது. வளவு போனபோது பெண்களுக்கு எல்லாமே போயிற்று. இழந்தது என்ன என்று நாம் கேட்கவில்லை. "வீட்டுக்குள்ளேயே நட" என்று சொன்னோம்.

வீடுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நாம் சொல்லும்போது, நம் மூத்தம்மாமார் வாழ்ந்த வீட்டுக்கு ஒரு வளவும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸை வருடா வருடம் மாணவர்களுக்குப் படித்துக் கொடுக்கிறேன். முதலில் அன்னையவர்கள் வென்றதையும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று வேடிக்கையாகச் சொன்னதையும் விளக்குகிறேன். ஓடுவதற்கு ஒரு வெளி வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

* * *

இது முஸ்லிம் பெண்களின் பிரச்சினை மட்டும்தானா என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், 1990களில் நகர நிர்வாகம் ஒரு விடயத்தைக் கவனித்தது. ஒன்பது, பத்து வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காக்களில் இருந்து காணாமல் போகிறார்கள். ஆண் பிள்ளைகளோ தொடர்ந்து வருகிறார்கள். எவரும் பெண் பிள்ளைகளைத் தடுக்கவில்லை. நடுவில் ஒரே பெரிய வெளியாக இருந்ததால் பந்து விளையாடும் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் சண்டை போடாமல் விலகிப் போய்விட்டார்கள். 1999இல் நகரத்தின் ஐந்தாம் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய வெளியைச் செடிகளாலும் மேடுகளாலும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். நடைபாதைகள் போட்டார்கள். கரப்பந்து, பூப்பந்து விளையாட இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

ஈரானின் தெஹ்ரான் நகரத்தில் வேறு வழி கண்டார்கள். 2008இல் 'தாய்மாரின் சுவனம்' என்று பொருள்படும் பெயரில் பெண்களுக்கு மட்டுமான ஒரு பூங்காவைத் திறந்தார்கள். உள்ளே முக்காடில்லாமல் ஓடலாம், வெயில் காயலாம், சைக்கிள் மிதிக்கலாம். இதனால் மற்றப் பூங்காக்களில் இருந்து பெண்கள் ஒதுக்கப்படுவார்கள் என்று வாதிட்ட பெண்களும் அங்கே உண்டு. இதனால்தான் எங்களால் ஓட முடிகிறது என்று மகிழ்ந்த பெண்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

நமது கொழும்புக்கு வருவோம். காலிமுகத்திடலில் நம்மில் கால் பதிக்காதவர் யார்? பட்டம், இறால் வடை, அலையில் கால் நனைக்கும் பிள்ளைகள், பெருநாள் பின்னேரங்களில் நம் குடும்பங்களின் கூட்டம்! அங்கே பழைய கல் ஒன்று நிற்கிறது. அந்த நடைபாதையை அமைக்கத் தொடங்கியது 1856இல், முடித்தது 1859இல். அமைத்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். தனக்குப் பின்வரும் தேசாதிபதிகள் அதைப் பேண வேண்டும் என்று அக்கல்லில் பொறித்த அவர், யாருடைய நலனுக்காக என்பதையும் பொறித்திருக்கிறார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும். அவர் நினைத்தது அன்றைய வெள்ளைக்காரச் சீமாட்டிகளையாக இருக்கலாம். கல் அப்படிச் சொல்லவில்லை. கொழும்பின் பெண்கள் என்றுதான் சொல்கிறது. எத்தனையோ தடவை அதைக் கடந்து போன நான், மனைவி கேட்ட கேள்விக்குப் பிறகுதான் நின்று வாசித்தேன்.

2022ஆம் ஆண்டு மக்கள் போராட்டம் அதே திடலில் நடந்தபோது ரமழான் வந்தது. பல இனத்தவர்களும் சூழ்ந்திருக்க நம்மவர்கள் அங்கே நோன்பு துறந்தார்கள். ஒரு பொது வெளி எவ்வளவைத் தாங்கும் என்பதை அன்று கண்டோம்.

* * *

எங்கள் வீட்டில் இருந்து முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத் தூரத்தில், தண்ணீரை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரு நாள் ஸுப்ஹுக்குப் பின் மனைவியையும் இளைய மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அபாயாவின் கீழ் புதிதாக வாங்கிய சப்பாத்து. "எல்லாரும் பாக்குறாங்க" என்றார் மனைவி. உண்மைதான், பார்த்தார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பின் எங்கள் பெண்களின் உடுப்பைப் பார்க்கும் கண்கள் எப்படி மாறின என்பதை இச்சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தலையைக் குனிந்துகொண்டு 20 நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பினோம். மறுநாளும் போனோம். பத்தாம் நாள் அளவில் பார்வைகள் களைத்துப் போயின. பதினைந்தாம் நாள் ஒரு சிங்கள அம்மையார் என் மனைவியிடம் சப்பாத்து வாங்கிய கடையை விசாரித்தார்.

அங்கே தினமும் வரும் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியர். நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் என்னைச் 'சேர்' என்றே அழைப்பார். ஒரு குறிப்பிட்ட வாங்கில் அமர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேச மாட்டார். பர்மிங்ஹாமில் புத்தகத்தோடு இருந்த முதியவரைத்தான் அவர் எனக்கு நினைவூட்டினார். தனிமை ஆங்கிலேயருக்கு மட்டுமான தேவை என்று எண்ணியிருந்தேனே, அதுவும் பிழை.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காலை போனபோது நெஞ்சு பதைத்தது. நடைபாதை ஓரமெல்லாம் லன்ச் ஷீட், யோகட் கோப்பை, சொப்பிங் பேக், எலும்பு. பெரியவரின் வாங்கின் கீழே பிரியாணிப் பொதி ஒன்று, காகம் கிளறியபடி. அவர் நின்றுகொண்டிருந்தார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "சேர், கோபித்துக்கொள்ள வேண்டாம். நேற்று உங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடியது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இதை யார் அள்ளுவது?"

வெசாக் பந்தல் பார்க்க வரும் கூட்டமும் குப்பை போடுகிறதுதானே என்ற பதில் என் நாக்கின் நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். மக்கள் நடக்கும் வழியையும் ஒதுங்கும் நிழலையும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை எத்தனை முறை ஓதிக் கொடுத்திருப்பேன்! அது வுழுச் செய்யும் பாடத்துக்குப் பக்கத்தில் வரும் சட்டம் என்று எண்ணியிருந்தேன். அது பூங்காவின் சட்டம் என்று அன்றுதான் விளங்கியது. நான் ஜுப்பாவைச் சுருட்டிக்கொண்டு குனிந்தேன். என் மனைவியும் குனிந்தார். பெரியவரும் குனிந்தார். மூவரும் அள்ளி முடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. அன்று நடை இல்லை.

அன்று அவரோடு நிறையப் பேசினேன். "உங்கள் குடும்பங்கள் ஒன்றாக வந்து சாப்பிடுவதை நான் வெறுக்கவில்லை. என் பிள்ளைகள் இப்படி ஒன்றாக வந்தால் நானும் சத்தம் போடுவேன். ஆனால் காலையில் எனக்கு இந்த அமைதி வேண்டும்" என்றார். அவருக்கு வேண்டியதும் எங்களுக்கு வேண்டியதும் வேறு. ஆனால் ஒரே நேரத்தில் வேண்டியதில்லையே! காலை ஏழு மணி வரை அங்கே நாங்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். கைத்தொலைபேசியில் பயான் போட்டுக்கொண்டு நடந்த எங்கள் சகோதரர் ஒருவரிடமும் நயமாகச் சொல்லி நிறுத்த வைத்தேன். மார்க்கப் பேச்சானாலும் அடுத்தவன் காதில் திணிப்பது அழைப்புப் பணியாகாது. பின்னேரம் பிள்ளைகளுடையது. அப்போது பெரியவர் வரமாட்டார், வந்தாலும் முறையிட மாட்டார்.

* * *

இப்போது என் மனைவியோடு எட்டுப் பெண்கள் நடக்கிறார்கள். அதில் இருவர் தமிழ்ச் சகோதரிகள். முன்னால் நால்வர், பின்னால் நால்வர். நடுவில் யாருக்குப் பிள்ளை கிடைத்தது, எந்த வைத்தியர் நல்லவர், எந்தக் கடையில் மா விலை குறைவு என்று எல்லாம் வரும். அவர்களுக்கு இருபது எட்டுப் பின்னால் நடக்கும் எனக்குப் பாதிதான் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. கிடுகு வேலிக்கு அப்பால் சிறு வயதில் கேட்ட சிரிப்பு அது.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில், சபையின் முன் நின்று என் பழைய பேச்சைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். பூங்காவில் தவறு நடப்பதுண்டு. தவறு கடைத்தெருவிலும் நடக்கும், கைத்தொலைபேசியிலும் நடக்கும். அதற்காக மானமுள்ள குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் யாருக்கு மிஞ்சும்? பாதையில் அமர்வதாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், தொல்லை தராதிருப்பதும், ஸலாத்துக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமைகள். இதைச் சொல்லிவிட்டு, பெருநாளன்று வெளியே போகும் ஒவ்வொரு குடும்பமும் சோற்றுச் சட்டியோடு ஒரு குப்பைப் பையும் கொண்டுபோக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் கேட்கவில்லை. பலர் கேட்டார்கள். மறுநாள் அள்ளுவதற்கு எங்களுக்குக் கால் மணித்தியாலமே சென்றது.

சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் சீனி வருத்தமோ, இரத்த அழுத்தமோ, காரணம் தெரியாத களைப்போ உள்ள பெண் இருந்தால், அவருக்குக் குளிசை வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் கடமை முடியாது. நாளில் அரை மணி நேரத்தைக் கொடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளும் வட்டார உறுப்பினர்களும் பூங்காக்களுக்குப் பொறுப்பானவர்களிடம் பெரிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. நடைபாதைக்கு வெளிச்சம், துப்புரவான மலசலகூடம், தாய்மார் சேர்ந்து உட்கார நிழலில் ஒரு மூலை, பெண் பிள்ளைகள் விளையாட ஒரு பகுதி. இவற்றைக் கேட்டால் சிங்களப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் சேர்ந்தே கையொப்பம் இடுவார்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கேளுங்கள். என் மனைவி கேட்டதுபோல் கேளுங்கள்.

போன மாதப் பரிசோதனையில் 131. வைத்தியர் துண்டைப் பார்த்துவிட்டு, "மௌலவி, என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். "வளவு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் தஸ்பீஹ் கவுண்டரைத் தேடி எடுத்து, "இனி இத ஓதுறதுக்கு மட்டும் வெச்சிக்குவம்" என்று என் கையில் தந்தார்.